அகராதிப் பணியை நிலையான துறையாக்குங்கள்: தமிழ் வளர்ச்சித் துறைக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தமிழ்நாடு அரசின் தமிழ் வளர்ச்சித் துறைப் பொறுப்பாளர்கள்,
தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்கள், ஆட்சிக்குழு உறுப்பினர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். அகராதித் தொகுப்பில் உதவியாளனாகப் பல ஆண்டுகள் உழைத்து, பின்னர் பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். என் வேண்டுகோள் இதுதான்: தமிழ் அகராதிப் பணியைக் காலக்கெடு வைத்த ‘திட்டம்’ என்ற பெயரில் தொடங்குவதும், தொகுதிகள் அச்சானதும் ஆட்களைக் கலைத்துவிடுவதுமான வழக்கத்தைக் கைவிட்டு, நிரந்தரப் பணியிடங்களும் தொடர் நிதியும் உள்ள ஒரு துறையாக அதை நடத்துங்கள், அப்பணியில் திரளும் சான்றுகள் அனைத்தையும் பொதுமக்கள் பார்க்கும்படி திறந்து வையுங்கள்.

அகராதி வெளியீட்டு விழாக்களில் எத்தனை தொகுதி, எத்தனை பக்கம், எத்தனை ஆயிரம் சொல் என்று பேசுகிறார்கள். ஒரே ஒரு சொல்லுக்கான பதிவு எப்படி உருவாகிறது என்று யாரும் பேசுவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் நிதி ஒதுக்குவதால்தான் ஐந்தாண்டில் முடியும் என்று கணக்கிட்ட வேலை இருபது ஆண்டுக்கு மேல் நீள்வதும், நீண்டுவிட்டதே என்று பணியாளர்களைக் குறை சொல்வதும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. எனவே முதலில் அந்த மேசைக்கு உங்களை அழைத்துச் செல்ல அனுமதியுங்கள்.

‘பிடி’ என்னும் வினையை எடுத்துக்கொள்வோம். நாளிதழ், சிறுகதை, அரசாணை, மேடைப்பேச்சு எனப் பல இடங்களிலிருந்து திரட்டிய வாக்கியங்கள் தொகுப்பாளரிடம் வருகின்றன. குழந்தையின் கையைப் பிடித்தாள். காவலர்கள் திருடனைப் பிடித்தார்கள். குடத்தில் தண்ணீர் பிடித்தாள். கடைசிப் பேருந்தைப் பிடித்தோம். வாடகைக்கு வீடு பிடித்தார்கள். குடை பிடித்தான். படம் பிடித்தார். சம்பளத்தில் நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். வேலை முடிய இரண்டு நாள் பிடிக்கும். கம்பி துருப் பிடித்துவிட்டது. சளி பிடித்திருக்கிறது. மழை பிடித்துக்கொண்டது. பையன் அடம் பிடிக்கிறான். எனக்கு அந்த ஊரைப் பிடிக்கும். இவை எல்லாம் நாம் யோசிக்காமல் பேசுகிற வாக்கியங்கள். ஆனால் தொகுப்பாளர் ஒவ்வொன்றிலும் நின்று யோசித்தாக வேண்டும்.

கையைப் பிடிப்பதும் திருடனைப் பிடிப்பதும் ஒரே பொருளின் இரு நிலைகளா, தனித்தனிப் பொருள்களா? தண்ணீர் பிடிப்பதில் பற்றுதல் இருக்கிறதா, நிரப்புதல் இருக்கிறதா? ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதில் வினை, விரும்புகிற ஆளுக்கு ஏற்ப மாறுவதே இல்லை. எனக்கும் உனக்கும் அவர்களுக்கும் ‘பிடிக்கும்’ ஒன்றுதான். இந்தப் பொருளில் ‘நான் பிடிக்கிறேன்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால், பொருளை மட்டும் எழுதிவிட்டு அந்த இலக்கணக் குறிப்பை விட்டுவிட்டால், தமிழைப் புதிதாகக் கற்பவர் தவறான வாக்கியம் எழுதுவார். ‘அடம்பிடி’ என்பது தனித் தலைச்சொல்லாக, அதாவது தனிப் பதிவாக, வர வேண்டுமா, ‘அடம்’ என்பதன் கீழா, ‘பிடி’ என்பதன் கீழா? கருவியின் பிடியும், ஒரு பிடி சோறும் பெயர்ச்சொற்கள். அவை வினையோடு உறவுடையவை. சங்க இலக்கியத்தில் பெண் யானையைக் குறிக்கும் ‘பிடி’யைத் தனித் தலைச்சொல்லாக வைக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு விளக்கம் எழுத உட்கார்ந்தால், ‘பற்று’ என்று எழுதிவிட்டு ‘பற்று’க்குப் போய் ‘பிடி’ என்று எழுதும் பொறி காத்திருக்கிறது. பல அகராதிகள் அதில் விழுந்திருக்கின்றன. விளக்கப்படும் சொல்லைவிட எளிய சொற்களால், சுற்றி வளைக்காமல், பிறிதொரு பொருளோடு குழப்பம் வராமல் விளக்கம் அமைய வேண்டும். அதன்பின் எடுத்துக்காட்டு. நூறு வாக்கியங்களிலிருந்து, அந்தப் பொருளை மட்டும் காட்டுகிற, ஆனால் செயற்கையாக ஒலிக்காத ஒரு வாக்கியத்தைத் தேர்வது தனியான திறமை.

‘பிடி’ போலவே ‘விடு’, ‘எடு’, ‘வை’, ‘போடு’, ‘அடி’, ‘பார்’, ‘கட்டு’ என ஒரு வரிசையே இருக்கிறது. இத்தகைய வினை ஒன்று ஒருவரின் பல வாரங்களை எடுத்துக்கொள்ளும். மாறாக ‘அகப்பை’ போன்ற பெயர்ச்சொல்லை அரை மணியில் முடித்துவிடலாம். சொல் எண்ணிக்கையை வைத்து மாத இலக்கு நிர்ணயிக்கும் அலுவலக ஆணைகள் இந்த வேறுபாட்டை அறிவதில்லை. அவற்றுக்குக் கட்டுப்படும் உதவியாளர் கடினமான வினைகளை ஒத்திவைத்து எளிய பெயர்களை முடித்துக் கணக்குக் காட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்தப் பக்குவம் தமிழில் முதுகலைப் பட்டம் பெறுவதால் மட்டும் வருவதில்லை. மூத்த தொகுப்பாளர் ஒருவர் அருகில் அமர்ந்து, தாம் எழுதிய பதிவு ஏன் திருத்தப்பட்டது என்று கேட்டுக் கேட்டுத்தான் வருகிறது. எந்த இடத்தில் பொருளைப் பிரிக்க வேண்டும், எந்த இடத்தில் சேர்த்துவிட வேண்டும், எந்தச் சான்று நம்பத்தக்கது, எந்தச் சொல் முந்தைய அகராதியின் அச்சுப்பிழையால் பிறந்து அடுத்தடுத்த அகராதிகளில் வழிவழியாக ஏறிவந்தது என்பதையெல்லாம் பாடப்புத்தகம் சொல்லித் தராது. ஒரு குழு கலையும்போது நாம் இழப்பது இந்த அறிவை.

இழந்த வரலாறு நமக்கு நீண்டது. சொற்களைப் பாடலில் கோத்து மனப்பாடம் செய்யும்படி அமைந்த நிகண்டு மரபு திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று வளர்ந்தது. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் இயற்றிய அகராதி நிகண்டு சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்தது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுப்பாகச் செய்தார். அதற்கும் முன்னதாக, அந்தாம் தெ புரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சானது. அந்த அகராதி நம் கண்ணுக்கே தெரியாமல் போயிருந்தது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த படியைத் தனிநாயகம் அடிகள் 1954இல் கண்டறிந்து, 1966இல் மலேசியாவில் அப்படியே படியெடுத்து வெளியிட்டதால்தான் பதினேழாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பேச்சுவழக்கின் மிகச் சிறந்த சான்று ஒன்று நமக்குக் கிடைத்தது. ஒரு நூலகத்தின் ஒழுங்கும் ஓர் அறிஞரின் ஆர்வமும் ஒரே நேரத்தில் அமைந்ததால் வந்த நற்பேறு அது. அத்தகைய நற்பேற்றை நம்பி ஒரு மொழியின் சான்றுகளை விட்டுவைக்கக் கூடாது.

யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். 1842இல் வெளிவந்து மானிப்பாய் அகராதி என்று பெயர் பெற்ற நூலில் 58,500 சொற்கள் இருந்தன. அமெரிக்க மிஷன் பாதிரியார் லெவி ஸ்போல்டிங்கோடு சேர்ந்து உழைத்தவர்கள் சந்திரசேகர பண்டிதரும் சரவணமுத்துப் பிள்ளையும். அதே யாழ்ப்பாணத்தில் நைட் பாதிரியார் தொடங்கிய மற்றொரு தொகுப்பு, பல கைகள் மாறி, 1862இல் வின்ஸ்லோ அகராதியாகச் சென்னையில் வெளிவந்தது; வின்ஸ்லோ அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பும் வழியிலேயே இறந்துபோனார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி அந்த வின்ஸ்லோவை விரித்துத் திருத்தும் எண்ணத்தோடு தொடங்கியதுதான். ஆக, நாம் இன்று புரட்டுகிற பேரகராதிக்குள் யாழ்ப்பாணத்துப் பண்டிதர்களின் உழைப்பு அடியுரமாகக் கிடக்கிறது. அவர்களுடைய பெயர்களைத் தமிழ் இலக்கிய மாணவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்?

1913இல் சாண்ட்லர் பாதிரியாரின் பொறுப்பில் தொடங்கிய பேரகராதிப் பணி ஐந்து ஆண்டில், ஒரு லட்ச ரூபாயில் முடியும் என்று மதிப்பிடப்பட்டது. முதல் பகுதி 1924இல்தான் வெளிவந்தது. 1926இல் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்ற வையாபுரிப் பிள்ளை அடிப்படையில் வழக்கறிஞர். அகராதிக்கலையை அவர் வேலையிலேயே கற்றார். மு. இராகவையங்கார் தொடக்கம் முதலே தலைமைப் பண்டிதராக இருந்து சான்றுகளைத் திரட்டினார். 1936இல் ஆறாம் தொகுதி முடிந்தபோது 1,04,405 சொற்கள் பதிவாகியிருந்தன. அடுத்து வந்த அனுபந்தத்தில் இன்னும் 13,357 சொற்கள். செலவு நான்கு லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டது. மதிப்பீட்டைப் போல நான்கு மடங்கு பணமும் நான்கு மடங்குக்கு மேல் காலமும் ஆனதை அன்று குறை சொன்னவர்கள் உண்டு. இன்று திரும்பிப் பார்த்தால், தமிழுக்காக எந்த அரசும் செய்த செலவுகளில் இவ்வளவு பயன் தந்தது வேறொன்று இருக்குமா என்பது எனக்கு ஐயமே.

துயரம் அதற்குப் பிறகு நேர்ந்தது. அனுபந்தத்தோடு அலுவலகப் பணி முடிந்தது, குழு கலைந்தது. கால் நூற்றாண்டு ஒன்றாக உழைத்துத் தேர்ந்த அந்தக் குழுவிலிருந்து நான்கு பேரையாவது நிறுத்திவைத்து, ஆண்டுதோறும் புதுச் சொற்களைப் பதிவுசெய்யச் சொல்லியிருந்தால், விடுதலைக்குப் பின் தமிழ்நாட்டில் ஆட்சியிலும் பள்ளியிலும் திரையிலும் தமிழ் எவ்வளவு வேகமாக மாறியது என்பதற்கு ஆண்டு வாரியான சான்று இன்று நம் கையில் இருந்திருக்கும். அப்படிச் செய்யவில்லை. 1982இல் பேரகராதி மறுஅச்சானபோது பழைய பக்கங்களே அப்படியே அச்சாயின. தொலைக்காட்சி வந்துவிட்ட காலத்தில், அந்தச் சொல்லே இல்லாத அகராதியை மாணவர்கள் வாங்கினார்கள். திருத்திய பதிப்புக்கான முயற்சியைப் பல்கலைக்கழகம் மிகப் பிந்தியே கையில் எடுத்தது.

சென்னைப் பேரகராதியின் குறைகளைக் கடுமையாக எடுத்துக்காட்டியவர் தேவநேயப் பாவாணர். 1974இல் தமிழ்நாடு அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கி அவரை இயக்குநராக அமர்த்தியது. 1981 ஜனவரியில், மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் உரையாற்றிய சில நாட்களில் அவர் மறைந்தார். முதல் மடலத்தின், அதாவது பெருந்தொகுதியின், முதற்பாகம் 1985இல்தான் வெளிவந்தது. பன்னிரண்டு மடலங்களாகவும் முப்பத்தொரு பாகங்களாகவும் பணி நிறைவடைய 2011 ஆயிற்று. தம் வாழ்நாள் கனவின் ஒரு பாகத்தைக்கூட அச்சில் காணாமல் பாவாணர் போனார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவருடைய சொற்பிறப்பு முடிவுகளை ஏற்பவரும் மறுப்பவரும் இருக்கிறார்கள். வையாபுரிப் பிள்ளையின் கால ஆராய்ச்சியைப் பற்றியும் அப்படியே. அந்த வழக்கை இங்கே நான் எடுக்கவில்லை. எப்பக்கம் நின்று வாதிடுவதாக இருந்தாலும், ஒரு சொல் முதலில் எந்த நூலில், எந்தக் கல்வெட்டில், என்ன வடிவில், என்ன பொருளில் வந்தது என்ற சான்று கண்முன் இருந்தால்தான் வாதம் முன்னேறும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அரசும் பல்கலைக்கழகமும் விட்டுவைத்த இடத்தைத் தனிமனிதர்கள் நிரப்பினார்கள். இன்றைய எழுத்துத் தமிழுக்கான முதல் தரமான அகராதியை 1992இல் ஒரு தனியார் பதிப்பகம்தான் கொண்டுவந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 2008இலும் 2020இலும் விரிவாகத் திருத்தப்பட்டது. இலங்கைத் தமிழ் வழக்குகளைக் குறியிட்டுத் தனியே காட்டியது. சான்று வாக்கியங்களின் தொகுப்பிலிருந்து பொருளைப் பிரிக்கும் முறையைத் தமிழில் நிலைநிறுத்தியது. மூன்றாம் பதிப்பு முடிந்த கையோடு, 2020 நவம்பரில், அதன் பின்னிருந்த ராமகிருஷ்ணன் பெருந்தொற்றில் காலமானார். ஒரு மொழியின் சமகால அகராதி ஒரு மனிதரின் உடல்நலத்தை நம்பி இருந்திருக்கிறது. வட்டார வழக்குகளின் நிலையும் இதுவே. கரிசல் வழக்குக்கு 1982இல் கி. ராஜநாராயணன், கொங்கு வழக்குக்கு 2000இல் பெருமாள்முருகன், நடுநாட்டுக்கு 2007இல் கண்மணி குணசேகரன். மூவரும் புனைகதை எழுத்தாளர்கள். தங்கள் எழுத்துக்கிடையே, நிறுவனங்கள் கள ஆய்வாளர்களை அனுப்பிச் செய்திருக்க வேண்டிய வேலையை அவர்கள் செய்து கொடுத்தார்கள்.

வெளியே எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 1857இல் முன்மொழியப்பட்டு 1928இல் முதல் பதிப்பு முடிந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இன்றும் ஊதியம் பெறும் ஆசிரியர் குழுவோடு இயங்குகிறது; காலாண்டுக்கு ஒரு முறை புதிய, திருத்திய பதிவுகளை இணையத்தில் ஏற்றுகிறது. நம் நாட்டிலேயே, புணே டெக்கான் கல்லூரியில் 1948இல் தொடங்கிய சமஸ்கிருத வரலாற்று அகராதிப் பணி சொற்சான்றுகளை எழுதிய சுமார் ஒரு கோடிச் சீட்டுகளைத் திரட்டிவைத்துக்கொண்டு இன்னும் நடக்கிறது. முதல் தொகுதி வெளிவரவே அங்கே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தாமதம் என்று சொல்லி யாரும் அந்தச் சீட்டறையைப் பூட்டிவிடவில்லை.

இனி நான் நேரில் கண்டதைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு தொகுப்புப் பணியில் எங்களுக்குத் தொகுப்பூதியம். பதினொரு மாதம் முடிந்ததும் ஒரு நாள் இடைவெளி விட்டு மறுபடி ஆணை வரும். சில நேரம் ஆணை வரப் பல மாதம் ஆகும். அந்த இடைவெளியில் குடும்பம் உள்ளவர்கள் தனியார் கல்லூரிகளுக்கும் பயிற்சி மையங்களுக்கும் போய்விடுவார்கள். ‘க’ வரிசையில் மூன்று ஆண்டு பழகிய கை போய், புதிய கை வந்து, அதே தவறுகளிலிருந்து தொடங்கும். எங்கள் பதிவுகள் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சாகியிருந்தன. அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்ற பின்னும் அவற்றை மாற்றித்தர யாருக்கும் ஆணை இல்லை. நிதி நின்றபோது கணினிகளைக் கணக்கெடுத்து எழுதிக்கொண்டவர்கள், அவற்றுக்குள் இருந்தவற்றை எழுதிக்கொள்ளவில்லை. கையெழுத்துச் சீட்டுகள் மஞ்சள் நாடாவால் கட்டப்பட்டு, சாக்கில் ஏறி, மாடிப்படிக்குக் கீழே போயின. ஒரு சீட்டில் என்ன இருக்கும் என்பது அந்தச் சாக்குகளைத் தூக்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆணையில் கையெழுத்திட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேல் மூலையில் தலைச்சொல், கீழே வாக்கியம், அதன் கீழ் நூல், பக்கம், ஆண்டு, ஓரத்தில் வேறொரு மையில் மூத்தவரின் ‘பொருள் 4 அல்லது 6? மறுபடி பார்க்க’ என்ற குறிப்பு. அந்தக் குறிப்புதான் அச்சேறாத அறிவு.

ஆகவே நிரந்தரப் பணியிடங்களைக் கேட்கிறேன். முதற்கட்டமாக முப்பது பேர் போதும். நூற்சான்று திரட்டுபவர், களப்பணியாளர், இலக்கணக் குறிப்பு எழுதுபவர், கல்வெட்டும் பழந்தமிழும் அறிந்தவர், கணினி மொழியியல் தெரிந்தவர், மெய்ப்பாளர் என அவர்கள் கலந்திருக்க வேண்டும். பணியில் சேர்பவருக்கு மூன்று ஆண்டுப் பயிற்சிக் காலமும், அதன்பின் பதவி உயர்வுக்கான படிநிலையும் வேண்டும். கல்லூரி ஆசிரியருக்குரிய ஊதிய விகிதத்துக்குக் குறைவாக இந்த வேலையை வைத்தால், நல்லவர்கள் ஆசிரியப் பணி கிடைக்கும் வரை தங்கிவிட்டுப் போகும் சத்திரமாகவே அது இருக்கும். பணியிடங்களை அகரமுதலி இயக்ககத்தில் வைப்பதா, ஒரு பல்கலைக்கழகத்தில் வைப்பதா என்பது எனக்கு இரண்டாம் நிலைக் கேள்வி. ஆட்சி மாறினாலும் துணைவேந்தர் மாறினாலும் நிற்காத ஏற்பாடாக அது இருக்க வேண்டும் என்பதே முதல் நிலைத் தேவை.

சான்றுத் தொகுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கும் மரபு தமிழ்நாட்டுக்கு உண்டு. அப்படி வந்த நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் எண்மப் படங்களாகக் கிடைக்கின்றன. படத்தைப் பார்த்துப் படிக்கலாம். அதிலுள்ள ஒரு சொல் எங்கெங்கு, எந்த ஆண்டில் வந்தது என்று தேட முடியாது. அந்த நூல்களைப் பிழை நீக்கிய ஒருங்குறி எழுத்தாக்கி, ஒவ்வொன்றுக்கும் முதற்பதிப்பு ஆண்டையும் ஆசிரியரின் வட்டாரத்தையும் குறித்து, எவரும் பதிவிறக்கும்படி வைத்தாலே தமிழின் வரலாற்று அகராதிக்கு அடித்தளம் கிடைத்துவிடும். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளும், அரசாணைகளும், பள்ளிப் பாடநூல்களின் பழைய பதிப்புகளும் அரசின் கையிலேயே இருப்பவை. யாரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை. எழுத்துப்பிழை காட்டும் செயலியும், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளும் செய்யும் இளைஞர்கள் இதே தரவு இல்லாமல்தான் திண்டாடுகிறார்கள். அகராதிக்குச் செய்யும் செலவு அவர்களுக்கும் போய்ச் சேரும்.

புதுச்சொல் ஆக்கத்துக்கு அரசு காட்டும் ஊக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஆக்கும் பணிக்குக் கிடைக்கும் மேடையில் ஒரு பங்காவது பதியும் பணிக்குக் கிடைக்க வேண்டும். கட்டடம் கட்டும் இடத்தில் ஒரு முற்பகல் நின்று பாருங்கள். ரசமட்டம், மூலைமட்டம், தூக்குக்குண்டு, மட்டப்பலகை, கரணை என்று சொற்கள் வந்துகொண்டே இருக்கும்; கொத்தனார் நிலைக்குத்தைப் பார்க்கும்போது சித்தாளிடம் சொல்லும் ஒற்றைச் சொல் ஆணைகள் தனி. தெற்கே போனால் கரணையே கொல்லறு ஆகிவிடும். எந்தக் குழுவும் கூடி ஆக்காத, வேலையின் தேவையால் பிறந்து தலைமுறைகளாகப் புழங்கும் கலைச்சொற்கள் இவை. கடற்கரையில் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் உள்ள பெயர்கள், உப்பளத்தில் பாத்திகளுக்கு உள்ள பெயர்கள், கைத்தறியில் ஒவ்வொரு உறுப்புக்கும் உள்ள பெயர்கள் எல்லாம் அந்தத் தொழில்கள் சுருங்கச் சுருங்க மறைகின்றன. பேரகராதி இத்தகைய சொற்களில் சிலவற்றை உள்ளூர் வழக்கு என்று குறித்து நிறுத்திக்கொண்டது. எந்த உள்ளூர் என்று பெரும்பாலும் சொல்லவில்லை. இப்போது ஒலிப்பதிவும் ஊர்ப்பெயரும் பேசுபவரின் தொழிலும் சேர்த்தே பதிய முடியும். மாவட்டத்துக்கு இருவர், ஐந்தாண்டு தொடர்ந்து நடந்தால், வேறெந்த வழியிலும் மீட்க முடியாத ஒரு செல்வம் சேரும்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ் வழக்குகளுக்கும் இதில் முழு உரிமை உண்டு. அவற்றைப் பிற்சேர்க்கையில் தள்ளாமல் அகர வரிசையிலேயே உரிய குறிப்போடு வைக்க வேண்டும். அந்நாடுகளின் பல்கலைக்கழகங்களோடு உடன்பாடு செய்துகொள்வது கடினமன்று.

இழிவுச் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. சாதியின் பெயராலும் உடற்குறையின் பெயராலும் பெண்களைத் தாழ்த்தியும் வழங்கும் சொற்களைச் சில அகராதிகள் எந்தக் குறிப்பும் இல்லாமல் பொருள் மட்டும் எழுதி வைத்திருக்கின்றன. வேறு சில முற்றாக நீக்கிவிடுகின்றன. இரண்டும் சரியல்ல என்பது என் கருத்து. அவை வழங்கின, வழங்குகின்றன என்பது உண்மை. அவை புண்படுத்துபவை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பதிய வேண்டும். நீதிமன்றத்தில் ஒரு வசைச்சொல்லின் பொருள் கேள்விக்கு உள்ளாகும்போது அகராதியைத்தான் புரட்டுகிறார்கள்.

உழைத்தவர் பெயரை அச்சிடுங்கள் என்பதும் என் வேண்டுகோள். முதன்மைப் பதிப்பாசிரியர், வாழ்த்துரை வழங்கியவர், நிதி அளித்தவர் ஆகியோர் பெயர்கள் முன்பக்கங்களில் இருக்கின்றன. சீட்டு எழுதியவரும், சரிபார்த்தவரும், தட்டச்சு செய்தவரும், கடைசி மெய்ப்பில் ஒற்றுப்பிழை பார்த்தவரும் எங்கே? எந்த எழுத்து வரிசையை யார் தொகுத்தார்கள் என்று பதிவு இருந்தால், பிற்கால ஆய்வாளருக்கு அதுவே ஒரு சான்று. உழைத்தவருக்கு அது வாழ்நாள் மதிப்பு.

உடனே செய்யக்கூடியதாக மூன்று செயல்களை முன்வைக்கிறேன். இதுவரை நடந்த அகராதிப் பணிகள் அனைத்தின் சீட்டுகளும் கையெழுத்துப் படிகளும் கணினிக் கோப்புகளும் எங்கே, எந்நிலையில் உள்ளன என்று ஒரு வெள்ளை அறிக்கையை இந்த ஆண்டுக்குள் வெளியிடுங்கள். தமிழ் வளர்ச்சித் துறையின் அடுத்த மானியக் கோரிக்கையில் நிரந்தரப் பணியிடங்களுக்கான தனித் தலைப்பைச் சேருங்கள். இவற்றுக்கும் முன்பாக, இப்போது தொகுப்பூதியத்தில் இருக்கும் உதவியாளர்களை, அவர்களுடைய ஒப்பந்தக் கெடு முடிவதற்குள் அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். எந்த வரிசை முடிந்தது, எது அரைகுறையாக நிற்கிறது, எந்தக் கோப்பு திறக்கவில்லை என்று அவர்கள் சொல்வார்கள்; அதைக் குறித்துக்கொள்ள ஒரு பொறுப்பு அலுவலரையும் உடன் அமர்த்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் அகராதி உதவியாளர் ஒருவர்